இதை வைத்து என்ன செய்யப் போறீங்க?

காகிதம் மடிப்பவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மடித்த கொக்கைக் கையில் வாங்கிப் பார்ப்பார்கள், வாலை இழுத்து இறக்கை அசைகிறதா என்று பார்ப்பார்கள், "அட, நல்லா இருக்கே" என்பார்கள். அடுத்தது இதுதான். கேட்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. அக்கறையோடுதான் கேட்கிறார்கள். இவ்வளவு நேரம் போட்டிருக்கிறாள், இவ்வளவு நேர்த்தியாக வருகிறது, இது வீணாகப் போகக் கூடாதே என்ற நல்லெண்ணம் அது. அதனால்தான் கூடவே யோசனைகளும் வரும். விற்கலாமே, வீடியோ எடுத்துப் போடலாமே, பசங்களுக்கு கிளாஸ் எடுக்கலாமே. பல வருடங்களாக இந்தக் கேள்விக்கு நான் விதவிதமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். சொன்ன ஒவ்வொரு பதிலும் உண்மை. ஆனால் அதில் ஒன்றுகூட நான் மடிப்பதற்கான காரணம் இல்லை. அதுதான் இத்தனை நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

"மனசுக்கு நிம்மதியா இருக்கு" என்று சொன்ன காலம் ஒன்று உண்டு. அது அடுத்த நொடியே மருந்தாகிவிடும். ஆமாம், ஸ்ட்ரெஸ் குறையுமாம், விரலுக்கு வேலை கொடுத்தால் மூளைக்கு நல்லதாம், வயசானால் ஞாபக மறதி வராதாம் என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொடுப்பார். நானும் தலையாட்டுவேன். அப்புறம் கொஞ்ச காலம் விண்வெளிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜப்பானிய விண்வெளி அறிஞர் கோர்யோ மியூரா கண்டுபிடித்த ஒரு மடிப்பு இருக்கிறது. தாள் முழுவதும் லேசாகச் சாய்ந்த இணைகரங்களாக மடிப்புக் கோடுகள் ஓடும். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் மொத்தத் தாளும் ஒரே வீச்சில் விரியும், தள்ளினால் அதே மாதிரி ஒரே வீச்சில் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கும். 1995இல் ஜப்பான் அனுப்பிய ஒரு விண்கலத்தில் சூரியத் தகட்டை இந்த முறையில் மடித்து வைத்து, மேலே போனபின் விரித்துப் பார்த்தார்கள். இதைச் சொன்னால் போதும், கேட்டவரின் முகம் மாறிவிடும். அதுவரை பொழுதுபோக்காகத் தெரிந்தது சட்டென்று மரியாதைக்குரிய விஷயமாகிவிடும். எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிமிர்வு வரும். ஆனால் நான் மேசையில் உட்கார்ந்து ஒரு தவளை மடிக்கும்போது எந்த விண்கலத்தையும் நினைப்பதில்லை. மியூரா மடிப்பு விண்வெளிக்குப் போகாமல் இருந்திருந்தாலும் அதை விரித்து விரித்துச் சுருக்கிப் பார்த்திருப்பேன்.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனின் தட்டுக் கதையையும் இப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, உணவகத்தில் யாரோ ஒரு தட்டைத் தூக்கி வீச, அது தள்ளாடிக்கொண்டே சுழல்வதைப் பார்த்தார். தள்ளாட்டத்துக்கும் சுழற்சிக்கும் என்ன உறவு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். போட்டு முடித்து, அங்கேயே இருந்த மூத்த இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தேயிடம் போய்க் காட்டினார். சுவாரசியமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்கு என்ன முக்கியத்துவம் என்று பெத்தே கேட்டார். ஒன்றும் இல்லை, சும்மா ஜாலிக்காகச் செய்கிறேன் என்றார் ஃபைன்மன். கதை இங்கே நிற்பதே இல்லை. அந்த விளையாட்டு மனநிலையிலிருந்துதான் அவர் மறுபடி பெரிய வேலைகளுக்குள் போனார், 1965இல் நோபல் பரிசு வந்தது என்று முடித்தால்தான் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் திருப்தி. எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் பெத்தே கேட்ட கேள்வியும் அதற்கு வந்த பதிலும்தான். நோபல் பரிசு இல்லாமல் போயிருந்தால் அந்தக் கணக்கு வீணாகியிருக்குமா? தட்டு அதே மாதிரிதான் சுழன்றிருக்கும். கணக்கு அதே மாதிரிதான் விடை கொடுத்திருக்கும். அவருக்கு அந்த நேரத்தில் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு துளிகூடக் குறைந்திருக்காது.

பயனில்லாத ஒன்றை ஆதரித்துப் பேச வருகிறவர்கள்கூடக் கடைசியில் அதற்குள் ஒரு பயனைக் கண்டுபிடித்துத்தான் ஆதரிக்கிறார்கள். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன் என்பது ஒரு ஆர்டர் எடுத்துச் செய்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆர்டர்

தெரிந்தவர் ஒருவரின் அலுவலக விழாவுக்கு மேடையில் நூலில் கோத்துத் தொங்கவிட காகிதக் கொக்குகள் கேட்டார்கள். சில நூறு கொக்குகள், ஒரே அளவு, ஒரே நிறம். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். நல்ல தொகை பேசினார்கள், சொன்னபடி கொடுக்கவும் செய்தார்கள். அந்தப் பணத்தில் எனக்கு ரொம்ப நாளாக ஆசையிருந்த நல்ல காகிதம் வாங்கினேன். ஆகவே ஆர்டர் எடுத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசு வந்தால் கலை கெட்டுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது வேறு.

வேலையை வேகமாக முடிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஒவ்வொரு கொக்காக மடிக்காமல், எல்லாத் தாள்களிலும் முதல் மூலைவிட்ட மடிப்பை முதலில் போட்டுவிடுவது, அப்புறம் எல்லாவற்றிலும் இரண்டாவது மடிப்பு, அப்புறம் மூன்றாவது. இடது பக்கம் மடிக்க வேண்டிய கட்டு, வலது பக்கம் மடித்த கட்டு. கை நன்றாகப் பழகிவிட்டது. கண் மடிப்பில் இருக்கவே வேண்டியதில்லை, இடது பக்கக் கட்டின் உயரத்திலேயே இருந்தது. இன்னும் எத்தனை, இன்னைக்கு எவ்வளவு முடியும், நாளைக்கு எவ்வளவு மீதி. கொக்குகள் கச்சிதமாக வந்தன. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒரு நாள் ராத்திரி அன்றைய பங்கை முடித்துவிட்டு எழுந்திருக்கப் போனேன். மேசையில் மாத்திரைப் பெட்டியோடு வரும் விளக்கத் தாள் ஒன்று கிடந்தது. பார்த்திருப்பீர்கள், பொடி எழுத்தில் இரண்டு பக்கமும் அச்சடித்து, பல மடிப்பாக மடித்து உள்ளே வைத்திருப்பார்கள். அந்தக் காகிதம் மெல்லியதாக, மொடமொடப்பாக, மடிப்பை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் ஜாதி. கை தானாக அதை எடுத்தது. ஓரத்தை மடித்து, எச்சில் தொட்டுக் கிழித்துச் சதுரமாக்கி, மடிக்க ஆரம்பித்தேன். மடித்தது என்னவோ அதே கொக்குதான். பகல் முழுக்க மடித்த அதே கொக்கு.

கொக்கில் ஒரு இடம் வரும். சதுரம் நான்கு அடுக்காகச் சுருங்கி ஒரு சின்னச் சதுரமாக நிற்கும். திறந்திருக்கும் கீழ்முனையில் மேல் அடுக்கை மட்டும் பிடித்து மெதுவாக மேலே தூக்க வேண்டும். தூக்கத் தூக்க, இரண்டு பக்க ஓரங்களும் தாமாகவே உள்பக்கம் சாயும். கொஞ்ச நேரத்துக்குக் காகிதம் படகு மாதிரி வாய் திறந்து நிற்கும், எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. நாம் ஏற்கெனவே போட்டு வைத்த கோடுகள் அதற்குள் விழித்துக்கொள்ளும். ஒரு கட்டத்துக்குமேல் நாம் தள்ள வேண்டியதே இல்லை, இரண்டு ஓரமும் நடுவில் வந்து சந்தித்து, நீளமான வைர வடிவமாகப் படுத்துவிடும். அதன்மேல் நகத்தை ஓட்டி அழுத்தினால் சர்ரென்று ஒரு சத்தம். அன்றைக்கு அந்த ராத்திரியில் அந்த வாய் மூடுவதைப் பார்த்தபோது, இத்தனை நாள் ஆர்டரில் நான் அதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. நூற்றுக்கணக்கில் மடித்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் அது நடந்திருக்கிறது, என் கண்ணெதிரே, என் விரலுக்கடியில். நான் அங்கே இல்லை.

வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று, "அதுவும் ஆர்டரா?" என்று கேட்டார். "இல்லைங்க, இது சும்மா" என்றேன். தூங்காமல் இன்னும் உட்கார்ந்திருக்கிறாளே என்று அவருக்குக் கவலை. எனக்கோ நாள் முழுக்க ஓடிய களைப்பு அந்த மாத்திரைத் தாளை எடுத்த பிறகுதான் இறங்கியது.

அதே விரல், அதே மடிப்பு, அதே கொக்கு. வித்தியாசம் என்னவென்று அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன். ஆர்டரில் ஒவ்வொரு மடிப்பும் முடிவதற்காகவே நடந்தது. முடியாதவரை அது ஒரு தடை. மாத்திரைத் தாளில் எனக்கு முடிவு தேவைப்படவே இல்லை. கொக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், வீட்டில் ஏற்கெனவே கொக்குக்குப் பஞ்சமும் இல்லை. அடுத்து காகிதம் என்ன செய்யப் போகிறது என்பது மட்டும்தான் வேண்டியிருந்தது.

முன்கூட்டியே சொன்ன பரிசு

இதைப் பற்றி உளவியலில் பழைய ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில் செய்தது. மூன்றிலிருந்து ஐந்து வயதுவரையான குழந்தைகள். ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம், படம் வரைந்தால் தங்க நிற முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவிடம் எதுவும் சொல்லாமல் வரையவிட்டு, முடித்ததும் திடீரென்று அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டு யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று ஒளிந்திருந்து பார்த்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சான்றிதழுக்காக வரைந்தபோதே அவர்களுடைய படங்களின் தரமும் குறைவாக இருந்தது.

இந்த ஆராய்ச்சியைப் பரிசே கெடுதல் என்பதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது பிரிவு. அவர்களுக்கும் அதே முத்திரை, அதே ரிப்பன் கிடைத்தது. அவர்கள் ஆசை குறையவில்லை. ஆக, பரிசு கையில் வந்தது பிரச்சினை இல்லை. வரைவதற்கு முன்னாலேயே அது மனதில் வந்து உட்கார்ந்துகொண்டதுதான் பிரச்சினை. ஆசையாக வரைந்துகொண்டிருந்த பிள்ளைக்கு, இதை எதற்காக வரைகிறோம் என்று ஒரு காரணத்தை நாம் கையில் கொடுத்துவிட்டோம். அந்தக் காரணம் தீர்ந்ததும் பேனாவும் கீழே போய்விட்டது. என்னிடம் கேட்கப்படும் கேள்வியும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று இப்போது நினைக்கிறேன். மடிப்பதற்கு முன்னாலேயே ஒரு காரணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைக்கிறது.

காசு சம்பாதிப்பவர்களுக்கு இந்தச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பொய். ராபர்ட் லாங் என்ற இயற்பியலாளர் லேசர் ஆராய்ச்சியை விட்டுவிட்டு 2001இல் முழுநேரமும் காகிதம் மடிக்க வந்தார். இன்று உலகத்தில் மடிப்பவர்கள் எல்லோரும் அவர் பேரைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதே வேலையில் பிழைப்பை நடத்திக்கொண்டே ஆசையையும் காப்பாற்றிக்கொள்ளத் தனித் திறமை வேண்டும், அவருக்கு அது இருக்கிறது. ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் அகிரா யோஷிசாவாதான். 1911இல் ஜப்பானில் பிறந்தவர். இளம் வயதில் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, புதிதாக வந்தவர்களுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்கக் காகித மடிப்பைப் பயன்படுத்தினார். அப்புறம் அந்த வேலையையும் விட்டுவிட்டு, வீடு வீடாகப் பண்டம் விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டு மடித்தார். 1950களில்தான் வெளியுலகம் அவரைக் கவனித்தது. இன்று நாம் புத்தகங்களில் பார்க்கிற, புள்ளிக்கோடும் அம்புக்குறியும் போட்டு மடிப்பைச் சொல்லித்தரும் முறை அவரிடமிருந்து தொடங்கியதுதான். 2005இல் இறப்பதற்குள் அவர் 50,000 உருவங்களுக்குமேல் செய்திருப்பார் என்று கணக்கிடுகிறார்கள். அதில் எப்படி மடிப்பது என்று வரைந்து வெளியிட்டது சில நூறுதான். தன் உருவங்களை அவர் விற்றதில்லை, கேட்டவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார், கண்காட்சிகளுக்கு இரவல் கொடுத்தார். அந்தச் சில நூறைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் எத்தனையோ ஆயிரம் உருவங்கள், அவர் கை தெரிந்துகொண்டதைத் தவிர எந்த வரைபடத்திலும் இல்லாதவை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வருகிறது.

எண்ணுவது

பணத்தைவிட எனக்குப் பயம் எண்ணிக்கையைப் பார்த்துத்தான். பணம் வருவது தெரியும், வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு வரும். எண்ணிக்கை ஓசையில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. நடக்கப் போகிறவர் கையில் காலடியை எண்ணும் கடிகாரம், படிக்கிறவருக்கு வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்ற இலக்கு, மொழி கற்கிறவருக்கு இத்தனை நாள் விடாமல் வந்தீர்கள் என்று தட்டிக்கொடுக்கும் செயலி. ஜோர்டன் எட்கின் என்ற ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் பேசுகிறது. வண்ணம் தீட்டுவது, நடப்பது, படிப்பது என்று மனிதர்கள் விரும்பிச் செய்யும் விஷயங்களை எடுத்துக்கொண்டு, சிலருக்கு மட்டும் இதுவரை எவ்வளவு செய்தீர்கள் என்று காட்டிக்கொண்டே வந்தார். காட்டப்பட்டவர்கள் அதிகமாகச் செய்தார்கள், ஆனால் குறைவாக ரசித்தார்கள். அதிகமாக, ஆனால் குறைவாக. இந்த இரண்டும் சேர்ந்து நடக்கும் என்பதுதான் ஆபத்து, ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாக நடப்பதுபோலவே தெரியும். ஆர்டர் நாட்களில் என் மேசையைப் பார்த்தவர்கள், இவளுக்கு இதில் எவ்வளவு ஈடுபாடு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

படம் எடுத்து இணையத்தில் போடுவதும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். போடுவதே தப்பு என்றில்லை. நானும் போடுவேன், மற்றவர்கள் போடுவதைப் பார்த்துத்தான் பாதி கற்றுக்கொண்டேன். ஆனால் மடிக்கும்போதே எந்தக் கோணத்தில் எடுத்தால் நன்றாக வரும் என்று மனம் ஓட ஆரம்பித்தால், அன்றைக்கு போனை அடுத்த அறையில் வைத்துவிடுகிறேன்.

யாரிடம் அனுமதி

இந்தக் கேள்வி எல்லோருக்கும் ஒரே எடையில் விழுவதில்லை. வேலைக்கும் போய், வீட்டையும் பார்க்கும் பெண்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். அவர்களுக்குப் பொழுது இல்லை என்பது ஒரு பக்கம். கிடைக்கிற அரைமணி நேரத்துக்கும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது என்பது இன்னொரு பக்கம். தையல் போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, கடைசியில் ஒரு துணி வரும். செடி வளர்த்தால் சரி, பூ வரும். உட்கார்ந்து காகிதம் மடித்தால், சும்மாதானே இருக்கிறாள் என்று கூப்பிடுவார்கள். சாவி எங்கே, அந்த பில் எங்கே, இதைக் கொஞ்சம் எடுத்துக் கொடேன். அவரவர் இடத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான கூப்பாடுதான், ஒன்றும் செய்யாமல் இருப்பவரைத்தானே கூப்பிட முடியும். ஆர்டருக்காக மடித்த நாட்களில் என்னை யாருமே கூப்பிடவில்லை. அம்மா வேலையில் இருக்கிறாள் என்று பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அதே நாற்காலி, அதே கொக்கு. கூலி வந்ததால் கதவு சாத்தப்பட்டது.

நிறையப் பேர் தங்களுக்குப் பிடித்ததை விற்பனைக்குக் கொண்டுவருவதற்குப் பணத்தாசை காரணமில்லை, இந்தச் சாத்திய கதவுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். பயன் என்பது ஒரு அனுமதிச் சீட்டு. அதைக் காட்டினால்தான் உள்ளே உட்கார விடுகிறார்கள். அந்தச் சீட்டு இல்லாமலே உட்காரும் உரிமை எல்லோருக்கும் வேண்டும், முக்கியமாக நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பயன்பட்டுக்கொண்டே இருக்கிறவர்களுக்கு வேண்டும். என் வீட்டில் இதை நான் வாய்விட்டே கேட்டு வாங்கினேன். சாப்பாட்டு வேலை முடிந்தபின் ஒரு அரைமணி, ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேசைப் பக்கம் யாரும் வரக் கூடாது. முதலில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது, இப்போது பழகிவிட்டது. பெரியவள் அந்த நேரத்தில் தன் கிட்டாரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள். எந்தப் பாட்டும் முழுசாக வருவதில்லை, இரண்டு மூன்று வரி வாசித்துவிட்டு அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். கிளாஸில் சேர்த்துவிடட்டுமா என்று நாக்கு நுனிவரை வந்துவிடும். கேட்கவில்லை.

கஷ்டமாக இருக்க வேண்டும்

சந்தோஷத்துக்காக மட்டும் செய்வது என்றால் சுலபமாகச் செய்வது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ஏனோதானோவென்று, வந்தால் வரட்டும் போனால் போகட்டும் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுலபமானது சீக்கிரம் சலித்துவிடும். நான் மடிப்பதிலேயே அதிக மகிழ்ச்சி தந்தவை என்னைப் படாத பாடு படுத்தியவைதான். காகிதம் நடுவில் கிழிந்தது, அடுக்கு தடித்துப்போய் மடிப்பு வழுக்கியது, வரைபடத்தில் ஒரு அம்புக்குறிக்கு அர்த்தம் புரியாமல் நாள்கணக்கில் உட்கார்ந்தது. யாரும் காத்திருக்கவில்லை, யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை, ஆனாலும் அந்த உருவத்தின் காலைச் சரியாக மடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் வருகிறது பாருங்கள், அது தனி ருசி. வேலையில் வருகிற கஷ்டத்துக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் நிற்பார். இந்தக் கஷ்டத்துக்குப் பின்னால் யாரும் இல்லை. நானும் காகிதமும்தான்.

மடிப்புக்குள் இருக்கும் ஒழுங்கு தெரிய வரும்போது கிடைக்கும் ஆனந்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நீங்களே செய்து பாருங்கள். தட்டையாகப் படுக்கும்படி மடித்த எந்த உருவத்தையும் முழுவதுமாக விரித்துவிடுங்கள். தாளின் உட்பகுதியில் மடிப்புக் கோடுகள் பல வந்து சேரும் புள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேடாக நிற்கும் கோடுகளை எண்ணுங்கள், பள்ளமாக விழும் கோடுகளை எண்ணுங்கள். வித்தியாசம் எப்போதும் இரண்டுதான். நான்குக்கு இரண்டாக இருக்கலாம், மூன்றுக்கு ஒன்றாக இருக்கலாம், ஐந்துக்கு மூன்றாக இருக்கலாம், வித்தியாசம் மட்டும் மாறாது. மேகாவா தேற்றம் என்று இதற்குப் பெயர். அதே புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 180 பாகை வரும், அது கவாசாகி தேற்றம். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், எண்கள் டேலி ஆவது எனக்கு அன்றாட வேலை. ஆனால் அந்த மாத்திரைத் தாள் கொக்கை விரித்து வைத்துக்கொண்டு, பொடி எழுத்துகளுக்கு நடுவில் பேனாவால் குறி போட்டு எண்ணியபோது, ஒவ்வொரு புள்ளியிலும் அந்த இரண்டு வந்துகொண்டே இருந்தது. அதை யாருக்கும் சமர்ப்பிக்க வேண்டியதில்லை, யாரும் தணிக்கை செய்யப் போவதில்லை. ஆனாலும் எண்ணினேன், எல்லாப் புள்ளிகளையும்.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் மடிக்க வருகிறார்கள். கிளாஸ் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, பழைய நோட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு வருவார்கள். போன மாதம் ஒரு பையனின் அப்பா வந்து ரொம்ப மரியாதையாகக் கேட்டார், "மேடம், முடிச்சா சர்டிபிகேட் மாதிரி ஏதாவது கொடுப்பீங்களா? ஸ்கூல்ல காட்டலாம்." அந்த ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் கதையை அவரிடம் முழுவதுமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், புரிந்துகொண்டார் என்றும் தோன்றியது, இருந்தாலும் அந்தப் பையன் அதற்குப் பிறகு வரவில்லை. சனிக்கிழமை காலை அவனுக்கு வேறு வகுப்பு போட்டுவிட்டார்கள் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தன் பிள்ளையின் நேரம் எங்கேயாவது சேர்ந்து நிற்க வேண்டும் என்று எந்த அப்பாவும் நினைக்கத்தான் செய்வார். ஆனால் அந்தப் பையன் நன்றாக மடிப்பான், தவளையின் பின்னங்காலில் மற்ற பிள்ளைகள் தடுமாறும் இடத்தை அவன் ஒருவனே கண்டுபிடித்துத் தாண்டினான். மாடிப்படியில் பார்த்தபோது அந்த மடிப்பை மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுக்க ஒரு நாளாவது வா என்று கூப்பிட்டிருக்கிறேன். அவன் அப்பாவிடமும் மறுபடி பேசப் போகிறேன், சான்றிதழைப் பற்றி இல்லை, அந்தப் பின்னங்காலைப் பற்றி.